கேலனுக்கு 10 மைல் கொடுத்த ஏழு லாரிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2017 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஏழு டீசல் ட்ரெய்லர் லாரிகள் 17 நாட்கள் ஓடின. வழக்கமான லோடு, வழக்கமான வாடிக்கையாளர்கள், வழக்கமான சாலைகள். எல்லாம் சேர்த்து 50,107 மைல், அதாவது 80,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிடைத்த சராசரி மைலேஜ் கேலனுக்கு 10.1 மைல், லிட்டருக்கு 4.3 கிலோமீட்டர். அந்த நாட்டில் அதே வகை லாரிகளின் பொதுச் சராசரி அப்போது 6.4 மைல், லிட்டருக்கு 2.7 கிலோமீட்டர்தான். ஓடிய தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10,900 லிட்டர் டீசல் மிச்சம்.

இந்த ஓட்டத்தின் பெயர் 'ரன் ஆன் லெஸ்'. நார்த் அமெரிக்கன் கவுன்சில் ஃபார் ஃப்ரெய்ட் எஃபிஷியன்சி என்ற அமைப்பும் (சுருக்கமாக நாக்ஃபி), ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட்டின் கார்பன் வார் ரூமும் சேர்ந்து நடத்தின. லாரிகளில் இருந்த எல்லாமே அன்று கடையில் காசு கொடுத்தால் கிடைத்தவை. சோதனைக்கூடத்தில் மட்டும் இருந்த பொருள் எதுவும் கிடையாது. வண்டியில் பொருத்திய கருவிகள் அனுப்பிய மைலேஜ் விவரம் அன்றாடம் பொதுவெளியில் வந்துகொண்டிருந்தது. அதே மாதத்தில்தான் இர்மா புயல் அமெரிக்காவின் தென்கிழக்கைத் தாக்கியது. வானிலை இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இதற்கு மூன்று ஆண்டு முன்பே, கோடிக்கணக்கான டாலர் செலவில் செய்த ஒற்றை மாதிரி லாரி ஒன்று 10 மைலைத் தாண்டிவிட்டது. அந்த லாரியில் இருந்தவற்றில் எவை சாதாரண லாரிக்கு வந்து சேர்ந்தன, எவை வழியிலேயே கழன்றுபோயின என்று பார்த்தால் மைலேஜ் பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

டீசல் எங்கே போகிறது

முதலில் ஒரு கணக்கு. மொத்த எடை 29.5 டன் உள்ள ட்ரெய்லர் லாரி சமதரையில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வடிவம்: காற்று இழுவைக் கெழு 0.6, முகப்புப் பரப்பு 10 சதுர மீட்டர். காற்றைக் கிழித்துக்கொண்டு போக மட்டுமே சுமார் 88 கிலோவாட் வேண்டும். டயர்களின் உருள்தடைக் கெழு 0.006 என்றால் அதற்கு 50 கிலோவாட். கியர்பாக்ஸ், ஆக்சில், ஆல்டர்னேட்டர், ஏர் கம்ப்ரசர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 12. ஆக மொத்தம் 150. டீசலில் உள்ள ஆற்றலில் 42 சதவீதத்தை எஞ்சின் வேலையாக மாற்றுகிறது என்றால், மணிக்கு 36 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 2.9 கிலோமீட்டர். சாலையில் பார்க்கும் எண்ணுக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். எஞ்சினை மட்டும் 45 சதவீதத்துக்கு உயர்த்தினால் 3.1 கிலோமீட்டர். டயரை மட்டும் மாற்றி 0.0045-க்குக் கொண்டுவந்தால் 3.2. வண்டியில் கையே வைக்காமல் வேகத்தை மட்டும் 90-க்குக் குறைத்தால் 3.4. காற்று இழுவையை மட்டும் 0.4-க்குக் குறைத்தால் 3.6. வேகத்தை 105-இலேயே வைத்து, எஞ்சினும் டயரும் வடிவமும் மூன்றும் மாறி, பல்சக்கர இழப்பும் கொஞ்சம் குறைந்தால் 4.5 வரும்.

மைலேஜ் என்றதும் எல்லோரும் எஞ்சினைத்தான் முறைக்கிறார்கள். இந்த வரிசையில் எஞ்சின் கடைசியில் நிற்கிறது. காற்றுக்கு ஆகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், நெடுஞ்சாலை லாரிக்கு முதல் எதிரி காற்று, இரண்டாவது டயர். நகருக்குள் நின்று நின்று போகும் லாரிக்கு வரிசையே தலைகீழாகிவிடும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

சூப்பர்டிரக்கில் இருந்து கழன்றவை

அமெரிக்க எரிசக்தித் துறை 2010-இல் தொடங்கிய திட்டம் சூப்பர்டிரக். கம்மின்ஸ்-பீட்டர்பில்ட், டைம்லர், நாவிஸ்டார், வோல்வோ என்று நான்கு அணிகள். 2009 மாடல் லாரியோடு ஒப்பிட்டால் ஒரு கேலனில் நகர்த்தும் டன்-மைல் (ஒரு டன் சரக்கை ஒரு மைல் நகர்த்தினால் ஒரு டன்-மைல்) 50 சதவீதம் கூட வேண்டும், எஞ்சின் 50 சதவீத வெப்பத்திறனைக் காட்ட வேண்டும் என்பது இலக்கு. கம்மின்ஸ்-பீட்டர்பில்ட் லாரி 2014-இல் டெக்சாஸ் நெடுஞ்சாலையில் 10.7 மைல் கொடுத்தது. டைம்லரின் ஃப்ரெய்ட்லைனர் 2015-இல் 12.2 மைல் கொடுத்தது. டன்-மைல் கணக்கில் அது 115 சதவீத முன்னேற்றம். இரண்டுமே மேலே கணக்குப் போட்ட அதே 29.5 டன் எடையில் ஓடியவை. மற்ற இரண்டு அணிகளும் 2016-இல் தங்கள் லாரிகளைக் காட்டின.

டைம்லர் லாரியில் என்னென்ன இருந்தது என்று பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ட்ரெய்லர் கூரையில் சூரியத் தகடு, ஹைப்ரிட் மோட்டார், பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா, 15 லிட்டர் எஞ்சினுக்குப் பதில் 10.7 லிட்டர் எஞ்சின், போதாததற்குப் புகைக்குழாய் வெப்பத்தில் இருந்து மறுபடி வேலை எடுக்கும் அமைப்பு.

இந்தக் கடைசி அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் வெளியே விடும் வெப்பத்தை வைத்து ஒரு திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியால் சின்ன டர்பைன் போன்ற ஒன்றைச் சுழற்றி, வந்த சக்தியைத் திரும்ப எஞ்சினிடமே கொடுப்பது. தாளில் சில சதவீதம் மிச்சம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆவியை மீண்டும் திரவமாகக் குளிர்விக்க வேண்டுமே. அதற்கு முகப்பில் இன்னொரு கண்டென்சர் வேண்டும். முகப்பைச் சின்னதாக்கி, கிரில்லை மூடி, காற்று இழுவையைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடு. கண்டென்சர் வந்தால் திரும்பவும் வாயைத் திறந்துவைக்க வேண்டியிருக்கிறது. அதோடு எடை, விலை, கசிவு, ஒர்க்‌ஷாப்பில் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள். இத்தனையும் தாண்டி அது சாதாரண லாரிக்கு வரவில்லை. நெடுஞ்சாலை லாரியில் ஹைப்ரிட்டும் அப்படித்தான். அடிக்கடி பிரேக் போடாத வண்டியில் பிரேக்கில் இருந்து மீட்க என்ன இருக்கிறது?

வந்து சேர்ந்தவை எல்லாம் பார்வைக்குச் சாதாரணமானவை: குறைந்த ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று), தானாக மாறும் கியர், உருள்தடை குறைந்த டயர், பக்கத்திலும் பின்னாலும் தடுப்புப் பலகைகள், முன்னால் வரும் மேட்டை வரைபடத்தில் பார்த்து வேகத்தை அமைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல்.

கிரவுன் பினியனில் இருக்கிறது சூட்சுமம்

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது குறைந்த ஆர்பிஎம். பழைய அமைப்பில் 105 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,400, 1,450 ஆர்பிஎம்மில் சுற்றும். பின் ஆக்சிலில் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன்; அதன் விகிதத்தை 3.5 பக்கத்தில் இருந்து 2.7-க்கும் கீழே கொண்டுவந்தால் அதே வேகத்துக்கு 1,100 ஆர்பிஎம் போதும். ஒவ்வொரு 100 ஆர்பிஎம் குறைவுக்கும் தோராயமாக 1 சதவீதம் டீசல் மிச்சம் என்பது தொழிலில் இருக்கிறவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. சுற்று குறைந்தால் பிஸ்டன் உரசல் குறைகிறது, காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் வேலையும் குறைகிறது. அதே சக்தியை எஞ்சின் கூடுதல் அழுத்தத்தில் எடுக்கிறது, அந்த இடத்தில்தான் டீசல் எஞ்சினின் திறன் உச்சத்தில் இருக்கும்.

ஆனால் கிரவுனை மட்டும் மாற்றிவிட்டு மைலேஜை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். அதே சக்தியைக் குறைந்த சுற்றில் கடத்தினால் டார்க், அதாவது முறுக்கு விசை, கூடும். 1,450-இல் இருந்து 1,100-க்கு இறங்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் 30 சதவீதம் கூடுதல் முறுக்கு. கிராஸ் ஜாயின்ட், ஷாஃப்ட், ஆக்சில் எல்லாம் அதற்கேற்ற தடிமனில் இருக்க வேண்டும். அடுத்தது கியர். 1,100-இல் போய்க்கொண்டிருக்கும் எஞ்சினுக்குக் கீழே அதிக இடம் இல்லை. சின்ன மேடு வந்தாலும் ஒரு கியர் இறக்க வேண்டும், தாண்டியதும் ஏற்ற வேண்டும். கையால் கியர் போடும் டிரைவர் இதை நாள் முழுக்கச் செய்யமாட்டார். முன்கூட்டியே ஒரு கியர் இறக்கி 1,500-இல் நிம்மதியாக ஓட்டுவார், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதனால்தான் குறைந்த ஆர்பிஎம் எப்போதும் ஆட்டோமேட்டட் கியர்பாக்ஸோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றை விட்டு ஒன்றை வாங்குவது வீண்.

ஆக்சிலில் இன்னொரு மாற்றம். பின்னால் இருக்கும் இரண்டு ஆக்சிலில் ஒன்றுக்கு மட்டும் சக்தி கொடுத்து, மற்றதைச் சுமை தாங்கும் டம்மி ஆக்சிலாக விட்டுவிடுவது. ஒரு டிஃபரன்ஷியல் குறைகிறது, எடையில் 150 கிலோவுக்கு மேல் மிச்சமாகிறது, ஆயிலைக் கலக்கும் இழப்பும் போகிறது. கிடைப்பது சுமார் 2 முதல் 3 சதவீதம். பனியில் சக்கரம் வழுக்கும் என்ற பயமும், ஓட்டும் ஆக்சிலின் டயர் சீக்கிரம் தேயும் என்ற குறையும், விற்கும்போது விலை போகாது என்ற கவலையும் அமெரிக்காவில் இதைப் பல ஆண்டுகள் தள்ளிவைத்தன. ரன் ஆன் லெஸ்ஸில் சில லாரிகள் இப்படி ஓடின, சில பழையபடி இரண்டு ஆக்சிலிலும் சக்தியோடு ஓடின. இரண்டு வகையிலும் நல்ல மைலேஜ் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ட்ரெய்லர் யாருடையது?

ட்ரெய்லரின் இரண்டு பக்கமும் தரையை நோக்கித் தொங்கும் தடுப்புப் பலகைகளை அமெரிக்கச் சாலைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பக்கக் காற்று ட்ரெய்லருக்கு அடியில் புகுந்து பின் சக்கரங்களில் மோதிச் சுழல்வதை அவை தடுக்கின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் 4, 5 சதவீதம் வரை கிடைக்கும். பின் கதவில் மடங்கி விரியும் சிறகுகளும் சேர்ந்தால் 9 சதவீதமோ அதற்கு மேலோ போகலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஸ்மார்ட்வே திட்டம் வகைப்படுத்தியிருக்கிறது.

இவ்வளவு கிடைக்கும் என்றால் ஏன் எல்லோரும் போடவில்லை? இழுக்கும் வண்டி ஒன்றுக்கு இரண்டு மூன்று ட்ரெய்லர் என்ற கணக்கில்தான் பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஒன்று ஓடும்போது மற்றவை எங்கோ லோடுக்காக நிற்கும். நிற்கும் ட்ரெய்லரில் மாட்டிய பலகை ஒரு சொட்டு டீசலையும் மிச்சப்படுத்தாது. அப்புறம், பல இடங்களில் ட்ரெய்லர் ஒருவருடையது, டீசல் செலவு இன்னொருவருடையது. அரசு 2016-இல் கொண்டுவந்த இரண்டாம் கட்ட எரிபொருள் விதிகளில் ட்ரெய்லரையும் சேர்த்தது. 2021-இல் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கிவிட்டது, ட்ரெய்லருக்குச் சொந்தமாக எஞ்சின் இல்லை என்பதுதான் வாதத்தின் அடிப்படை. கலிஃபோர்னியா மட்டும் நீண்ட பெட்டி ட்ரெய்லர்களுக்குத் தனி விதி வைத்திருக்கிறது. இதற்கு மேல் போக வேண்டுமானால் தொழில்நுட்பத்தை விட்டு ஒப்பந்தத் தாளைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

டயரில் பெரிய புதிர் ஒன்றும் இல்லை. உருள்தடை குறைந்த டயர், சரியான அலைன்மென்ட், சரியான காற்று. எல்லாச் சக்கரத்திலும் 10 பிஎஸ்ஐ குறைந்தால் அரை முதல் 1 சதவீதம் டீசல் கூடும். ஓடும்போதே காற்றைச் சரிசெய்யும் அமைப்பு ட்ரெய்லர்களில் பரவியதற்கு இந்த மிச்சத்தைவிட வழியில் டயர் வெடிப்பது குறைந்ததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

டிரைவரின் வலது கால்

ஏழு டிரைவர்களும் மைலேஜில் பித்துப் பிடித்தவர்கள் என்றே சொல்லலாம். இவர்கள் செய்வதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் வேகத்தை வீணாக்காமல் வைத்திருக்கும் வேலைதான்.

ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். ஏறும்போது 100-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் உச்சியை 100-இல் தொடுவீர்கள். இறக்கத்தில் 30 டன் வண்டி தானாக 110-ஐத் தாண்டும், பிரேக் போடுவீர்கள். உச்சிக்கு ஏற எரித்த டீசல் பிரேக் ட்ரம்மில் சூடாகப் போய்விட்டது. இவர்கள் உச்சிக்குக் கொஞ்சம் முன்பே காலை எடுத்துவிடுவார்கள். வண்டி 90-க்கு வந்து உச்சியைத் தாண்டும், மறுபக்க இறக்கம் அதைத் திரும்ப 100-க்குக் கொண்டுவரும். பிரேக் தேவையே இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடும் என்பதும் கூடுதல் லாபம். வரைபடம் பார்த்து ஓடும் க்ரூஸ் கன்ட்ரோல் செய்வதும் இதே வித்தைதான். நல்ல டிரைவருக்கு அது தரும் லாபம் குறைவு, சுமாரான டிரைவரிடம்தான் அதன் மதிப்பு தெரியும்.

நின்றுகொண்டு எஞ்சினை ஓடவிடுவது அடுத்தது. ஐடிலில் பெரிய டீசல் எஞ்சின் மணிக்கு 3 லிட்டர் குடிக்கும். இரவு முழுக்கக் கேபினைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ எஞ்சினை ஓட்டினால், 8 மணி நேரத்தில் 24 லிட்டர் போய்விடும். லிட்டருக்கு 4.3 தரும் லாரிக்கு அது 100 கிலோமீட்டர் ஓட்டம். பேட்டரியில் ஓடும் ஏசியோ சிறிய துணை எஞ்சினோ இருந்தால் இது கிட்டத்தட்ட முழுதும் மிச்சம்.

பலரும் கண்டுகொள்ளாத ஒன்று ரேடியேட்டர் ஃபேன். முழு வேகத்தில் சுற்றினால் 30 முதல் 50 குதிரைத்திறன் வரை அதுவே தின்னும். ஃபேன் கிளட்ச் ஒட்டிக்கொண்டாலோ, ஏசி கண்டென்சரில் தூசி அடைத்து அழுத்தம் ஏறினாலோ, எஞ்சின் சூடாகாமலேயே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். மைலேஜ் குறைகிறது என்று இன்ஜெக்டரைப் பிரிப்பதற்கு முன்னால் ஃபேன் சத்தத்தைக் கவனிப்பது நல்லது.

10.1-ஐயும் 6.4-ஐயும் ஒப்பிடலாமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து 58 சதவீத முன்னேற்றம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ரன் ஆன் லெஸ் லாரிகளின் சராசரி மொத்த எடை சுமார் 25 டன். சட்டம் அனுமதிப்பது 36 டன். சராசரி வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். ஓட்டியவர்கள் பொறுக்கியெடுத்த டிரைவர்கள். வண்டிகளும் பழையவை அல்ல. 6.4 என்ற சராசரியிலோ பத்து ஆண்டு பழைய வண்டியும், மலைப்பாதையும், அலட்சியமாக ஓட்டுபவரும் சேர்ந்திருக்கிறார்கள். நம் கணக்குப்படி 29.5 டன்னில் இருந்து 25 டன்னுக்கு இறங்கினாலே 5 சதவீதம் டீசல் குறையும். ஆகவே 58-இல் கணிசமான பங்கு தேர்ந்தெடுப்பால் வந்தது. மீதிதான் தொழில்நுட்பம். அந்த மீதியும் சின்னதல்ல.

எடையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 10 டன் சரக்கோடு லிட்டருக்கு 4.3 போகும் லாரி, ஒரு லிட்டரில் 43 டன்-கிலோமீட்டர் நகர்த்துகிறது. 20 டன் சரக்கோடு 3.5 போகும் லாரி 70 நகர்த்துகிறது. மைலேஜ் பலகையில் முதல் லாரிக்குத்தான் பரிசு. சூப்பர்டிரக் ஆரம்பத்திலேயே டன்-மைல் கணக்கை வைத்தது சரியான முடிவு. லாரி நிறுவனங்கள் இன்னும் கிலோமீட்டர் கணக்கிலேயே டிரைவர்களை வரிசைப்படுத்துகின்றன. பாதி லோடு ஏற்றியவர் மேலே வந்துவிடுகிறார்.

சதவீதங்களைக் கூட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 4 சதவீதம் மிச்சம் தரும் ஐந்து பொருட்களை மாட்டினால் 20 வராது, 18.5 வரும். பக்கப் பலகையும் பின் சிறகும் ஒரே சுழலைக் குறைக்க முயன்றால் அதைவிடக் குறையும். அதேபோல் 2.7-இல் இருந்து 3.1-க்கு ஏறினால் 100 கிலோமீட்டருக்கு 4.8 லிட்டர் மிச்சம். 3.9-இல் இருந்து 4.3-க்கு ஏறினால் 2.4 லிட்டர்தான். ஏற்றம் அதே 0.4. ஆகையால் நிறுவனத்தில் மிக மோசமாக ஓடும் வண்டியைத் திருத்துவதில்தான் பணம் இருக்கிறது.

'இதை மாட்டினேன், மைலேஜ் ஏறியது' என்று யாராவது சொன்னால் எந்த மாதம் மாட்டினார் என்று கேளுங்கள். 30 டிகிரி காற்றைவிட 0 டிகிரி காற்று 11 சதவீதம் அடர்த்தி கூடியது. குளிர்காலம் முடியும் சமயத்தில் மாட்டிய எந்தப் பொருளும் 5, 6 சதவீதம் மைலேஜை ஏற்றிக் காட்டும், அது வெறும் ஸ்டிக்கராக இருந்தாலும் சரி. முறையான சோதனையில் எதுவும் மாற்றாத இன்னொரு லாரி அதே சாலையில், அதே நேரத்தில், அதே எடையில் கூடவே ஓடும். இரண்டின் டீசலையும் எடைபோட்டு விகிதம் பார்ப்பார்கள். டேங்கை நிரப்பிப் பார்த்து 1 சதவீத வித்தியாசத்தை நிரூபிக்க முடியாது.

2019 அக்டோபரில் நாக்ஃபி இதே முயற்சியைக் குறுந்தூர ஓட்டத்தில் செய்து பார்த்தது. பத்து லாரிகள், சராசரி 8.3 மைல், லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர். தொழில்நுட்பம் பெரும்பாலும் அதேதான். ஆனால் சிக்னலில் நின்று, குடோன் வாசலில் காத்திருந்து, மறுபடி கிளம்பும் வண்டிக்குப் பக்கப் பலகை பெரிதாக உதவாது. அங்கே எடையும், ஐடிலும், பிரேக்கில் போகும் ஆற்றலும் முன்னுக்கு வருகின்றன. சூப்பர்டிரக்கில் இருந்து கழன்றுபோன ஹைப்ரிட்டுக்கு இடம் இருக்கிறதென்றால் இந்த வகை ஓட்டத்தில்தான்.